சாவுக்கு முன்னே இறங்கிய விலை

இராசலிங்கம் இறந்துபோனது அவருடைய மனைவிக்குத் தெரிவதற்கு முன்...

மகனுக்குத் தெரிவதற்கு முன்...

ஏன், பொலிசுக்கே தெரிவதற்கு முன்...

பந்தய விலைக்குத் தெரிந்துவிட்டது!

அலறல் கேட்டது பன்னிரண்டு ஐந்துக்கு.

ஜேர்மனியின் ஹம் நகரம். ரயில் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடை. நான்கு மாடிக் கட்டடம். அடியில் கெல்லர் என்கிற நிலவறை. எல்லா வீட்டுக்காரரும் முறை வைத்து உடுப்புத் தோய்ப்பது அங்கேதான்.

அலறியவள் இரண்டாம் மாடி யூலியா. தன் முறை வந்துவிட்டதென்று உடுப்புக் கூடையோடு இறங்கியவள், கடைசிப் படிக்குக் கீழே ஒரு செருப்பைப் பார்த்தாள்.

அதற்கு அப்பால் செருப்புக்குரிய மனிதரையும் பார்த்தாள்.

நெற்றியில் இரத்தம். கண்கள் பாதி திறந்திருந்தன. ஒரு கை படியை நோக்கி நீண்டிருந்தது.

இராசலிங்கம். வயது ஐம்பத்தொன்பது. கம்பித் தொழிற்சாலையில் இருபத்தெட்டு வருடம். மனைவி கமலாம்பிகைக்குச் சனிக்கிழமைகளில் முதியோர் இல்லத்தில் வேலை. அதனால் சனிக்கிழமைத் தோய்ப்பு கணவருடையது. கட்டடத்தில் இருந்த மற்ற ஆண்களுக்கு இது அறவே பிடிக்கவில்லை. அவர்களுடைய மனைவிமார் உதாரணம் காட்டத் தொடங்கியிருந்தார்கள்.

பன்னிரண்டே காலுக்குப் பொலிஸ் வந்தது. இறங்கியவள் விசாரணை அதிகாரி, கொமிசாரின் சயந்தினி. ஹம்மிலேயே பிறந்து வளர்ந்த பெண். பிள்ளை டாக்டராகவில்லையே என்று அவளுடைய தாயிடம் பத்து வருடம் துக்கம் விசாரித்த அதே ஆட்கள், இன்று அவள் காரைக் கண்டதும் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

அவசர மருத்துவர் முழங்காலில் இருந்து பார்த்தார். இறந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகவில்லை என்றார். நெற்றிக் காயம் விழுந்ததால் வந்ததா, யாரும் தள்ளியதால் வந்ததா என்று சொல்ல மறுத்துவிட்டார். திங்கட்கிழமைப் பரிசோதனை சொல்லுமாம்.

எப்போதும் சட்டைப் பையில் இருக்கும் கைத்தொலைபேசியைக் காணவில்லை.

அது சயந்தினிக்குப் பிடிக்கவில்லை.

கமலாம்பிகை வேலை இடத்து நீலச் சட்டையோடு ஓடி வந்தார். கத்தவில்லை. நிலவறை வாசலில், மேல்படியில் போய் உட்கார்ந்தார். கீழே பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். வாங்கி, குடிக்காமல் கையில் வைத்திருந்தார். முப்பத்தொரு வருடத் தாம்பத்தியம். அழுகை எங்கே என்று அவருக்கே தெரியவில்லை போலும்.

பன்னிரண்டு நாற்பதுக்கு மகன் வந்தான்.

நிலக்சன். இருபத்திரண்டு வயது. மைதானத்திலிருந்து நேரே வந்திருந்தான். ஒரு காலில் விளையாட்டுச் சப்பாத்து, மறுகாலில் வெறும் காலுறை. தகப்பனைப் பார்த்துவிட்டுச் சுவரோடு சரிந்தவனைச் சயந்தினி வெளியே கூட்டி வந்தாள். அவன் அழுதபடியே தன் கைத்தொலைபேசியை நீட்டினான்.

"அக்கா, ஆருக்கோ முதலே தெரியும்."

"என்னெண்டு சொல்லுறீர்?"

"பத்து ஐம்பதுக்குக் கோச் எனக்குப் போன் அடிச்சவர். காலைக் கீலை முறிச்சுப் போட்டியோ எண்டு கேட்டவர். நான் நல்லாத்தான் நிக்கிறன் எண்டு சொன்னன். பிறகு ஏனடா விலை இப்பிடிக் கிடக்கு எண்டு கேட்டவர்."

"என்ன விலை?"

"பாருங்கோவன்."

இங்கே கொஞ்சம் நிற்போம். விவரம் தெரியாதவர்களை விட்டுவிட்டு ஓடுவது நமக்கு அழகில்லை.

அன்று பிற்பகல் மூன்று மணிக்குத் தமிழ் விளையாட்டுக் கழகங்களின் உதைபந்தாட்ட இறுதிப் போட்டி. ஹம்முக்கும் வுப்பர்டால் நகரத்துக்கும். ஹம் அணியின் பிரதான ஆட்டக்காரன் நிலக்சன். அவனைத் தவிர இந்தப் பருவத்தில் கோல் போட்டவர்களை ஒரு கையால் எண்ணலாம், பெருவிரல் மிச்சம்.

குமாரசாமி என்றொரு கடைக்காரர். மரக்கறி, மீன், புழுங்கலரிசி விற்பது முதல் தொழில். டொச், அதாவது ஜேர்மன் மொழி, வராத நம்மாட்களுக்குப் படிவம் நிரப்புவது, அலுவலகங்களுக்குத் தொலைபேசி எடுப்பது இரண்டாம் தொழில். ஹம்மில் பாதிப் பேருக்கு வாயே அவர்தான். மூன்றாம் தொழில் வட்ஸ்அப் குழுவில் நடந்தது. இருநூறு பேர். பந்தய விலை போடுவார். எல்லாருக்கும் தெரியும், யாருக்கும் தெரியாது.

காலை பத்து நாற்பதுக்கு அவர் போட்ட விலை: ஹம் 1.80, வுப்பர்டால் 2.00.

அதாவது ஹம் மீது நூறு யூரோ கட்டி ஹம் வென்றால் கைக்கு நூற்றெண்பது வரும். வுப்பர்டால் என்றால் இருநூறு. எண் சிறுத்தால் அந்த அணி வெல்லும் என்று நம்பிக்கை கூடுகிறது, பெருத்தால் குறைகிறது. யாராவது பெருந்தொகை கட்டினால் விலை நகரும். ஏன் கட்டினான் என்று விலை சொல்லாது. எதையோ தெரிந்துகொண்டு கட்டினான் என்று மட்டும் சொல்லும்.

பத்து நாற்பத்து மூன்றுக்கு: ஹம் 3.40, வுப்பர்டால் 1.25!

மூன்று நிமிடத்தில் தலைகீழ்!

சயந்தினி அந்த இரண்டு எண்களையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு அவளுக்கும் விளங்கியது. தாய் தகப்பன் தமிழர் அல்லவா, எப்படி விளங்காமல் போகும்?

துடக்கு.

வீட்டில் சாவு என்றால் முப்பத்தொரு நாள் துடக்கு. கோயில் இல்லை. கொண்டாட்டம் இல்லை. விளையாட்டு இல்லை. தகப்பன் செத்த அன்று மகன் மைதானத்தில் இறங்குவதா? ஹம்மில் தமிழர் குடியேறிய நாள் முதலாய் அப்படி ஒன்று நடந்ததில்லை.

இராசலிங்கம் செத்தால் நிலக்சன் இறங்கமாட்டான். நிலக்சன் இறங்காவிட்டால் வுப்பர்டால் வெல்லும்.

உடல் கிடைத்தது பன்னிரண்டு ஐந்துக்கு. கட்டியவன் கட்டியது பத்து நாற்பத்து மூன்றுக்கு முன்...

அப்படியென்றால், கட்டியவனுக்குச் சாவு தெரியும்!

குமாரசாமி கடையில் அப்போது நல்ல கூட்டம். சாவுச் செய்தி வந்தபின் மரக்கறி வாங்குகிறவர்கள் ஏனோ ஒரு மணி நேரம் நின்று வாங்குவார்கள். சயந்தினி அவரைப் பின்னறைக்குக் கூட்டிப் போனாள். பந்தயப் பிடிப்பைப் பிறகு பார்ப்போம், இப்போது ஆளைச் சொல்லுங்கள் என்றாள்.

குமாரசாமிக்கு நெற்றி வியர்த்தது. ஆளைத் தெரியாது என்றார். சாம்பல் நிற ஜாக்கெட். தொப்பி. வுப்பர்டால் பக்கத்து ஆளாக இருக்கலாம். பத்து நாற்பதுக்கு வந்து, ஆறாயிரத்து இருநூறு யூரோவைக் காசாக வைத்துவிட்டுப் போனானாம். கடைக் கமெரா? அது இரண்டு மாதமாக வேலை செய்வதில்லையாம்.

சயந்தினி ஒரு கேள்வியை ஒப்புக்குக் கேட்டு வைத்தாள்.

"இராசலிங்கம் அங்கிளும் உங்களிட்டைக் கட்டுறவர்தானே. அவராக் கட்டியிருக்கேலாதோ?"

குமாரசாமி அந்த நிலைமையிலும் சிரித்துவிட்டார்.

"ஆர், ரெண்டு வீத அண்ணையோ? என்ன பிள்ளை பகிடியே விடுறீர்?"

அந்தச் சிரிப்பில் நியாயம் இருந்தது. பதினொரு வருடத்துக்கு முன் இராசலிங்கம் ஒரே கிழமையில் ஒரு காரைத் தோற்றவர். அதற்குப் பிறகு சூதை விட்டாரா? விடவில்லை. சட்டம் போட்டுக்கொண்டார். குமாரசாமியிடம் ஒரு முதல் வைத்திருப்பார். எந்தப் பந்தயத்துக்கும் அதில் நூற்றுக்கு இரண்டு. ஒரு சதம் கூடக் கட்டமாட்டார். தோற்றால் மீட்கிறேன் என்று அடுத்ததில் கூட்டிக் கட்டமாட்டார். விலை திறந்த உடனே வருவார். இறங்கிய விலையில் தொடமாட்டார். மகன் விளையாடும் ஆட்டத்தில் எந்தப் பக்கமும் கட்டவே மாட்டார். சூதாடியைப் பார்த்தால் பரிதாபம் வரும். இவரைப் பார்த்தால் வங்கி முகாமையாளரைப் பார்த்ததுபோல் கொட்டாவி வரும்.

அப்படிப்பட்டவர் மகனுக்கு எதிராக ஆறாயிரமா?

ஆகவே, கட்டியவன் வேறு. இராசலிங்கத்தைப் படியில் தள்ளியவன், கைத்தொலைபேசியை எடுத்தவன், நேரே கடைக்கு வந்து காசு வைத்தவன்... சாம்பல் ஜாக்கெட்!

பொலிஸ் ரயில் நிலையத்துக்கு ஆள் அனுப்பியது. வுப்பர்டாலுக்குச் சொல்லி அனுப்பியது. மைதானத்தில் சாம்பல் ஜாக்கெட் போட்டிருந்த ஏழு பேர் அதை அவசரமாகக் கழற்றிக் காரில் வைத்ததாகக் கேள்வி.

ஒன்றரை மணி. கட்டட வாசலில் சயந்தினி கமலாம்பிகைக்கு எல்லாவற்றையும் மெல்லச் சொன்னாள். சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் அந்த அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார்.

"அப்ப, என்ரை மனுசன் செத்ததிலை ஒருத்தன் காசு பாக்கப் போறான்?"

"வுப்பர்டால் வெண்டால்... ஓம் அன்ரி."

"எவ்வளவு?"

"பன்னிரண்டாயிரத்துக்கு மேலை."

"பிடிச்சுப் போடுவியளோ?"

"தேடுறம் அன்ரி. ஆள் ஆரெண்டு இன்னும்..."

கமலாம்பிகை தலையாட்டினார். கையில் இருந்த தண்ணீரைப் பூச்சாடியில் ஊற்றினார். எழுந்து மகனிடம் போனார். அவன் சுற்றத்தார் நடுவே தரையில் இருந்தான்.

"எழும்பு."

"அம்மா..."

"மற்றச் சப்பாத்து எங்கை?"

யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை.

"மூண்டு மணிக்கு மாட்ச். போய் விளையாடு."

 எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். துடக்கு என்றார்கள். ஊர் சிரிக்கும் என்றார்கள். அதிர்ச்சியில் பேசுகிறாள், கூட்டிக்கொண்டு போய்ப் படுக்க வையுங்கள் என்றார்கள். இராசலிங்கத்தின் தங்கை முறையான ஒருத்தி, இதற்காகவா என் அண்ணன் இந்தப் பிள்ளையைப் பெற்றார் என்று மார்பில் அடித்துக்கொண்டாள்.

கமலாம்பிகை எல்லாரும் பேசி முடிக்கும்வரை பொறுத்திருந்தார்.

"இவன் போகமாட்டான் எண்டு நம்பித்தான் அவன் என்ரை மனுசனிலை கை வைச்சவன். நீங்கள் எல்லாரும் துடக்குக் காப்பியள் எண்டு நம்பித்தான். அவன் ஆரெண்டு எனக்குத் தெரியாது. என்னாலை அவனைப் பிடிக்கேலாது. ஆனா அவன் ஒரு சதம் பாக்கக்கூடாது."

நிலக்சன் தாயைப் பார்த்தான்.

"என்னாலை ஓடேலாது அம்மா. கால் நடுங்குது."

"நடுங்கட்டும். நடுங்கிக்கொண்டே ஓடு."

அவன் போனான்.

அவன் போன செய்தி குழுவில் உடனே வந்துவிட்டது. ஆனால் குமாரசாமி விலையை நிறுத்திவிட்டிருந்தார். இனி மாற்றமில்லை என்றார். காலையில் வுப்பர்டால் விலை சரிந்ததைக் கண்டதும், ஏதோ இருக்கிறது, ஓடுகிற பஸ்ஸில் நாமும் ஏறுவோம் என்று 1.25க்குப் பாய்ந்து கட்டியவர்கள் எழுபது பேர். சொந்த ஊர் அணிக்கு எதிராக! அவர்களில் பலர் ஹம் அணியின் பச்சை ரீசேட் போட்டுக்கொண்டுதான் மைதானத்தில் நின்றார்கள்.

ஆட்டத்தை விவரிக்க மனம் வரவில்லை. சுருக்கமாகச் சொல்வோம்.

முதல் பாதியில் நிலக்சன் மூன்று தடவை விழுந்தான். யாரும் தொடாமலே விழுந்தான். வுப்பர்டால் ஒரு கோல் போட்டது. அவர்களும் அதைக் கொண்டாடவில்லை. இடைவேளையில் அவன் கோல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தான். ஐம்பத்தெட்டாவது நிமிடத்தில் அவன் ஒரு கோல் போட்டான். எழுபத்தோராவது நிமிடத்தில் இன்னொன்று. இரண்டாவது கோல் வலைக்குள் போனதும் முகத்தை ரீசேட்டால் மூடிக்கொண்டு மைதானத்தின் நடுவிலே குந்தியிருந்தான். எதிரணிப் பின்வரிசைக்காரன் ஒருவன் வந்து தோளில் கை வைத்தான்.

ஹம் 2, வுப்பர்டால் 1.

கோப்பையை வாங்க அவன் நிற்கவில்லை.

செய்தி வந்தபோது கமலாம்பிகை நிலவறை வாசலில் அதே படியில் இருந்தார். கேட்டுவிட்டு ஒரே ஒரு வார்த்தை சொன்னார்.

"சரி."

பிறகுதான் அழுதார்.

ஞாயிறு முழுவதும் ஊர் இரண்டாகப் பிரிந்து கதைத்தது. இப்படியும் ஒரு பெண்ணா என்று ஒரு பாதி. இப்படியல்லவா பெண் என்று மறு பாதி. முதல் பாதியில் 1.25க்குக் கட்டித் தோற்றவர்கள் அதிகம் இருந்தார்கள் என்பதை நாம் சொல்லவில்லை, கணக்கு சொல்கிறது. குமாரசாமி செத்த வீட்டுக்கு இரண்டு பெட்டி சோடாவும் ஒரு மூட்டை சீனியும் அனுப்பிவைத்தார். எழுபது பேர் தோற்ற காசு அவரிடம்தானே போய்ச் சேர்ந்தது!

திங்கட்கிழமை காலை சயந்தினிக்கு மூன்று விஷயங்கள் கிடைத்தன.

ஒன்று, பரிசோதனை முடிவு. இராசலிங்கத்தின் இதயம் நின்றுதான் விழுந்திருக்கிறார். காயம் விழுந்தபின் வந்தது. யாரும் தள்ளவில்லை. நேரம் ஏறத்தாழப் பதினொரு மணி.

கொலையே இல்லை!

இரண்டு, தொலைந்த கைத்தொலைபேசி. இரண்டு நாளாகத் தோய்ப்பு இயந்திரத்துக்குள் நாறிக்கொண்டிருந்த ஈர உடுப்பை யூலியா மூக்கைப் பிடித்துக்கொண்டு வெளியே இழுத்தபோது, இடுப்பில் கட்டும் சாரம் ஒன்றுக்குள் சிக்கிக் கிடந்தது. உடுப்பைப் போடக் குனிந்தபோது சட்டைப் பையிலிருந்து நழுவியிருக்க வேண்டும். நெஞ்சு நோவோடும் மனுசன் இயந்திரத்தை முடுக்கிவிட்டிருக்கிறார். பன்னிரண்டு மணிக்கு யூலியாவின் முறை அல்லவா?

மூன்று, இராசலிங்கத்தின் மேசை இலாச்சியில் இருந்த சின்னக் கணக்குக் கொப்பி. பதினொரு வருடப் பந்தயமும் அதில். கடைசி வரியில், குமாரசாமியிடம் உள்ள முதல்: ஆறாயிரத்து இருநூறு.

சயந்தினி அந்தத் தொகையை இரண்டு தரம் வாசித்தாள்.

அவசரத்தில் பொய் சொல்பவர்கள் ஆளைக் கற்பனை செய்வார்கள். ஜாக்கெட்டைக் கற்பனை செய்வார்கள். தொகையைக் கற்பனை செய்ய மறந்துபோவார்கள்.

அவள் கடைக்குள் நுழைந்தபோது குமாரசாமி மேசையில் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தார். எதிரே கமலாம்பிகை. இறப்புச் சான்றிதழ், அடக்கச் செலவு, விதவைப் பென்சன் விண்ணப்பம்... எல்லாவற்றுக்கும் ஊரில் அவரை விட்டால் யார்?

சயந்தினி கதவைச் சாத்தினாள்.

"அங்கிள், ஒரு சின்னக் கணக்கு. உங்கடை குழுவிலை ரெண்டு வருசத்து விலை எல்லாம் எடுத்துப் பாத்தனான். போன வருசம் ஒருத்தர் ஐயாயிரம் கட்டினவர். நீங்கள் இருபத்தைஞ்சு சதம் இறக்கினனீங்கள். சரியோ?"

"இருக்கும் பிள்ளை."

"அப்ப ஆறாயிரத்து இருநூறுக்கு முப்பது சதம் இறக்குவியள். ரெண்டிலை இருந்து ஒண்டு எழுபதுக்கு வந்திருக்கோணும். ஒண்டு இருபத்தைஞ்சுக்குக் கொண்டு போனனீங்கள். மிச்ச நாப்பத்தைஞ்சு சதத்துக்கு ஆர் காசு கட்டினது?"

குமாரசாமி பேனையை மூடினார். திறந்தார்.

"அது... ஒரு பயத்திலை..."

"என்ன பயம்? முன்பின் தெரியாத ஒருத்தன் கட்டினதுக்கு இவ்வளவு பயமோ? காசுக்காக விலை இறங்கேல்லை அங்கிள். நீங்கள் ஒண்டை நம்பினனீங்கள். நிலக்சன் அண்டைக்கு இறங்கமாட்டான் எண்டு உங்களுக்கு நிச்சயமாத் தெரிஞ்சிருக்கு."

பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து மேசையில் வைத்தாள். உள்ளே இராசலிங்கத்தின் கைத்தொலைபேசி. ஒரு மணி நேரத்துக்கு மேல் சுடுதண்ணீரில் சுழன்று உயிரை விட்டிருந்தது. அதை அவள் சொல்லவில்லை.

அவர் கேட்கவுமில்லை. முகம் உப்புப் போட்டு வைத்த மீன்போல வெளுத்தது.

"அவர் உங்களுக்கு அனுப்பினதை எனக்குப் போட்டுக் காட்டுங்கோ," என்றாள் சயந்தினி.

குமாரசாமி தன் கைத்தொலைபேசியை எடுத்தார். சனிக்கிழமை, பத்து நாற்பது. குரல் செய்தி. நாற்பத்தொரு விநாடி.

கடைக்குள் இராசலிங்கம் பேசினார்.

"குமாரு... கெல்லருக்குள்ளை நிக்கிறன். நெஞ்சு இறுக்கிப் பிடிக்குது... இடக்கை மரத்துப்போச்சு. முதல் வேலையா ஆம்புலன்ஸுக்கு அடி. எனக்கு இப்ப டொச் வாயிலை வராது... விலாசம் உனக்குத் தெரியும்தானே. நான் மேலை போய்க் கதவைத் திறந்து வைக்கிறன்... ரெண்டாவது. என்ரை முதல் முழுதையும் வுப்பர்டாலிலை போடு. ரெண்டிலை நிக்கேக்கையே போடு. நான் இருந்தாலும் இல்லாட்டிலும் நிலக்சன் இண்டைக்கு இறங்கமாட்டான்... இது சூதில்லை குமாரு. இது செய்தி. வாற காசைக் கமலத்திட்டைக் குடு. அவள் அந்த வேலையை விடட்டும்... முழங்கால் நோகுதெண்டு இரவிலை..."

அவ்வளவுதான்.



குமாரசாமி பேசத் தொடங்கினார். நிறுத்தவே இல்லை. வாய்வு என்றுதான் நினைத்தாராம். அண்ணைக்கு வாய்வு வருத்தம் உண்டாம். ஆம்புலன்ஸுக்கு அடிக்கத்தான் கைத்தொலைபேசியை எடுத்தாராம். அதற்குள் விலையை ஒருக்கால் மாற்றிவிடுவோம், இரண்டு நிமிட வேலைதானே என்று... மாற்றியதும் எழுபது பேர் ஒருவர் பின் ஒருவராகக் கட்டத் தொடங்கினார்களாம். பிறகு பார்த்தால் பன்னிரண்டு மணி.

"வாய்வு எண்டு நினைச்ச ஆள் ஏன் ஒண்டு இருபத்தைஞ்சுக்குக் கொண்டு போனவர்?" என்றாள் சயந்தினி.

குமாரசாமி பேனையைச் சட்டைப் பையில் செருகினார்.

"வுப்பர்டால் வெண்டிருந்தா அந்தப் பன்னிரண்டாயிரத்து நானூறை எந்தச் சாம்பல் ஜாக்கெட் வந்து வாங்கியிருப்பார், அங்கிள்?"



ஆபத்தில் இருப்பவனுக்கு உதவாமல் விடுவது இந்த நாட்டில் குற்றம் என்று அவள் டொச்சில் முறைப்படி சொன்னாள். வெளியே நின்ற பொலிஸ்காரரைக் கூப்பிட்டாள். குமாரசாமி எழுந்தார். ஊருக்கெல்லாம் வாயாக இருந்தவருக்கு, தனக்கென்று சொல்ல ஒரு சொல் அகப்படவில்லை.

"ஒரு நிமிசம்," என்றார் கமலாம்பிகை.

அவ்வளவு நேரமும் அவர் அசையவில்லை. படிவத்தில் தன் பெயர் எழுதிய இடத்திலேயே பார்வை நின்றிருந்தது.

"திரும்பப் போடு."

குமாரசாமி போட்டார். கமலாம்பிகை கண்ணை மூடிக் கேட்டார். முழங்கால் என்ற இடம் வந்ததும் தன் முழங்காலில் கை வைத்தார். அங்கே கை இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

சயந்தினி பக்கத்தில் குந்தினாள். பெரிய கொமிசாரின். ஆனாலும் அப்போது அவள் ஒரு தமிழ்ப் பிள்ளை. என்ன சொல்வது என்று தெரியாத பிள்ளை.

"அன்ரி, நீங்கள் நிலக்சனை அனுப்பாமல் விட்டிருந்தாலும் இந்தாள் காசு தந்திருக்கமாட்டார்."

"நான் காசைப் பற்றி யோசிக்கேல்லைப் பிள்ளை."

"பிறகென்ன?"

"பதினொரு வருசம் சட்டம் போட்டு ஆடின மனுசன். ஒரேயொரு நாள் முழுதையும் வைச்சார். எனக்கெண்டு வைச்சார். அவரைத் தோற்கடிக்க நானே ஆள் அனுப்பியிருக்கிறன். பெத்த பிள்ளையை."

 சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. சயந்தினி அவருடைய முதுகில் கை வைத்தாள். கடைக் கண்ணாடிக்கு வெளியே நம்மாட்கள் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்துவிட்டார்கள். யாரும் உள்ளே வரத் துணியவில்லை.

வெகுநேரம் கழித்துக் கமலாம்பிகை நிமிர்ந்தார். மூக்கைத் துடைத்தார். பொலிஸ்காரருக்குப் பக்கத்தில் நின்ற குமாரசாமியைப் பார்த்தார். அவருடைய கையில் இருந்த கைத்தொலைபேசியைப் பார்த்தார். யாரிடம் கோபப்படுவது என்று தேடி, கடைசியில் அந்தச் சின்னக் கறுப்புக் கண்ணாடிக்குள் இருந்த மனுசனிடமே கோபப்பட்டார்.

"விலையைக் கேட்டார், குமாரசாமியைக் கேட்டார். என்னை ஒரு சொல்லுக் கேட்டாரோ? கேட்டிருந்தா, ஹம்மிலை கட்டச் சொல்லியிருப்பன்."